பதினேழாம் கேள்வி

திருத்தணி பக்கத்து கே.ஜி.கண்டிகை குமரேசனுக்குக் கர்வப்பட்டுக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அவன் கம்ப்யூட்டரில் ஏற்றினால் தப்பு வராது.

அரக்கோணத்தில் செல்போன் கடை ஒன்றின் மாடியில் தீனதயாளன் என்பவர் டேட்டா என்ட்ரி ஆபீஸ் நடத்தினார். குமரேசன் அங்கே ஒன்பது வருஷமாக வேலை பார்த்தான். கம்பெனி, காலேஜ், ஆஸ்பத்திரி என்று எங்கெங்கிருந்தோ கட்டுக் கட்டாக ஃபாரம் வரும். யாரோ பேனாவால் டிக் அடித்திருப்பதைப் பார்த்து எண்ணாக ஏற்ற வேண்டும். மற்ற ஆட்கள் ஏற்றியதில் பத்துக்கு ஒன்றை எடுத்து வேறொருவர் மறுபடி ஏற்றி ஒத்துப் பார்ப்பது வழக்கம். குமரேசன் கட்டை மட்டும் யாரும் ஒத்துப் பார்ப்பதில்லை. "குமரேசனுதா? அப்டியே அனுப்பிடு" என்பார் தீனதயாளன். இதை அவர் சத்தமாகச் சொல்வது குமரேசனுக்குப் பிடிக்கும். பக்கத்து சீட்டு சுப்ரஜா அதைக் கேட்கிறாளா என்றும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான்.

அந்தக் குணம் வீட்டுக்கும் கூடவே வந்தது. அவன் மனைவி யுவஸ்ரீ மணவூர்க்காரி, தாய்மாமன் பச்சையப்பனின் மகள். சின்ன வயசிலிருந்தே அவனை பாவா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்கு அப்புறமும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள்.

"செவ்வாக்கெழம அத்த வந்தாங்க இல்ல, அப்ப..."

"திங்கக்கெழம."

"ஆங், திங்கக்கெழம. அப்ப ஒரு அரை கிலோ..."

"முக்கா கிலோ. நாந்தான வாங்கியாந்தேன்."

அவள் சொல்ல வந்தது என்ன என்பது அதற்குள் இருவருக்குமே மறந்து போயிருக்கும். இதில் சண்டை எதுவும் வந்ததில்லை. அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள். தான் சரியாகச் சொன்னோம் என்ற திருப்தியில் குமரேசன் சாப்பிடுவான். ஏழு வருஷம் இப்படித்தான் போயிற்று. எல்.கே.ஜி. படிக்கும் ஒரு பெண் குழந்தை.

யுவஸ்ரீ அரக்கோணம் ரோட்டில் இருந்த ஒயர் கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை செய்தாள். கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டாகக் கட்டி, முனையில் கிளிப் அழுத்தி அனுப்புகிற கம்பெனி. விடியற்காலை டீக்கடை எதிரில் கம்பெனி பஸ் வந்து நிற்கும், ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் ஏறுவார்கள்.

ஒயர் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சில வருஷமாகவே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வேலையாட்களின் உடம்புக்கும் மனசுக்கும் கம்பெனி ஏதாவது செய்ய வேண்டும். கம்பெனியும் செய்தது. கண் முகாம், சர்க்கரை டெஸ்ட், ஷிப்ட் தொடங்கும்போது பத்து நிமிஷம் கை கால் அசைக்கும் பயிற்சி, புதன்கிழமைதோறும் ஒரு ஆலோசகர். போன வருஷம் வரை எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையை எண்ணிக் கணக்குக் கொடுத்தால் போதுமாக இருந்தது. இந்த வருஷம் அது போதாது என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர்களுக்கு ஏதாவது நல்லது நடந்ததா, அதை அளந்து காட்டு என்று கேட்டார்கள். அளக்கும் வேலையைச் சென்னையில் ஒரு நிறுவனம் எடுத்தது. ஆட்களிடம் முப்பத்திரண்டு கேள்வி கொண்ட ஃபாரம் கொடுத்து வாங்கியது. ஃபாரத்தில் பேர் கிடையாது. வயசு, பிரிவு, எத்தனை வருஷ சர்வீஸ் என்பது மட்டும். அந்த ஃபாரங்கள் நானூற்றுச் சொச்சமும் எண்ணாக மாறுவதற்கு மாசி மாசத்தில் தீனதயாளன் ஆபீசுக்கு வந்து சேர்ந்தன.

ஆபீசில் ஒரு விதி உண்டு. வந்த கட்டில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், கட்டு வேறு ஆளுக்குப் போய்விடும். குமரேசன் அட்டையின் மேல் கம்பெனிப் பேரைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. சுப்ரஜா கையில் இருந்த பாதிக் கட்டையும் "குடு, நானே பண்ணிட்றேன், உனக்கு அந்த காலேஜ் வேல கீது இல்ல" என்று வாங்கிக்கொண்டான். சும்மா பார்க்கலாம் என்றுதான் நினைத்தான். பெண்டாட்டி வேலை செய்யும் இடம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் என்ன தப்பு.

இரண்டாம் நாள் நூற்று முப்பத்தேழாம் எண் ஃபாரம் கையில் வந்தது. வயசு இருபத்தெட்டு, கிளிப் அழுத்தும் பிரிவு, சர்வீஸ் ஆறு வருஷம். அது கூட வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தது. மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி வைக்காமல் குட்டியாக ஒரு வட்டம் போடுகிற ஆள் அவனுக்குத் தெரிந்து ஒருத்திதான்.

எண்களைத் தட்டிக்கொண்டே படித்தான். போன மாசத்தில் சரியாகத் தூங்காத நாட்கள் எத்தனை? பன்னிரண்டு. அவன் விரல் நின்றது. பக்கத்தில் படுத்திருப்பவன் அவன்தான், அவனுக்கு ஒரு நாள் கூடத் தெரியவில்லை. பதினாறாம் கேள்வி, கஷ்டம் என்றால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? கட்டங்களில் முதலாவது கணவர் அல்லது மனைவி. டிக் அதில் இல்லை. அம்மா அப்பா, தோழி, சூப்பர்வைசர் எல்லாவற்றையும் தாண்டி ஆலோசகர் என்ற கட்டத்தில் இருந்தது. பதினேழாம் கேள்வி, ஆலோசகர் நேரம் உங்களுக்கு உதவியதா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடவும். ஐந்து. அதைச் சுற்றி இரண்டு முறை வட்டம்.

கடைசிப் பக்கத்தில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: "புதன்கிழமை வருகிறவர்கள் நான் சொல்வதை முழுசாகக் கேட்கிறார்கள். நடுவில் திருத்துவது இல்லை. அந்த அரைமணி நேரம்தான் நான் பேசி முடிப்பது. இதை நிறுத்த வேண்டாம்."

குமரேசன் மாடிப்படியில் போய் நின்றான். கீழே ரோட்டில் பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, கண்டக்டர் பின்பக்கம் தட்டிக்கொண்டிருந்தான். வருகிறவர்கள் என்றால் யார்? ஆணா, பெண்ணா? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அவனுக்குத் தோன்றியது ஒரு ஆண்தான். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறவன்.

அடுத்த புதன்கிழமை சாயந்திரம் அவள் வருவதற்கு முன்னாலேயே வீட்டில் இருந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குழந்தையைத் தூக்கி, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே உள்ளே வந்தாள். மற்ற நாளில் இப்படி வருவதில்லை என்பது அன்றைக்குத்தான் அவன் கண்ணில் பட்டது. ஒரு வேளை எல்லாப் புதன்கிழமையும் இப்படித்தான் வந்திருப்பாளோ?

"இன்னா, ஜாலியா வர்ற."

"ஒண்ணும் இல்ல பாவா."

"உங்க கம்பெனில யாரோ கவுன்சிலிங்குக்கு வர்றாங்களாமே. எங்க ஆபீஸ்ல பேசிகினு இருந்தாங்க. யாரு அது?"

"அபிராமசுந்தரி மேடம். மலை மேல கோயில்ல மடப்பள்ளி இருக்குதுல்ல, அவங்க தம்பி அங்கதான் சமைக்கறாரு. அவங்க வேலூர்ல ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்தவங்க. அம்பத்தஞ்சு வயசிருக்கும்."

குமரேசன் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். ஒரு ஐந்து நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் முன்னைவிட மோசமாகிவிட்டது. ஆணாக இருந்தால் சண்டை போடலாம், கம்பெனி வாசலில் போய் நிற்கலாம், மாமனிடம் சொல்லி நியாயம் கேட்கலாம். ஐம்பத்தைந்து வயசு மடப்பள்ளி வீட்டு அம்மாவோடு எப்படிப் போட்டி போடுவது? வாரத்தில் அரைமணி நேரம் வருகிற ஒருத்தருக்குக் கிடைப்பது, தினமும் அவளோடு ஒரே தட்டு சோறு தின்கிறவனுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அவனும் முயற்சி செய்து பார்த்தான், அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இன்னிக்கி இன்னா நடந்துச்சு, சொல்லு" என்றான். அவள் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு லைனில் ஒரு மெஷின் பழுதானதைச் சொன்னாள். பத்து மணிக்கு நின்றது, மெக்கானிக் வர ரெண்டு மணி நேரம், பதினொண்ணரைக்குத்தான் ஓடிச்சு என்றாள்.

"ரெண்டு மணி நேரம்னா பன்னெண்டு ஆவணுமே" என்றான் குமரேசன்.

அவள் சிரித்துவிட்டு எழுந்து போனாள். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த மாசக் கிருத்திகைக்கு மூன்று பேருமாக மலைக்குப் போனார்கள். குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, தேங்காய்ப் பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு குமரேசன் படியேறினான். பாதிப் படியில் மேலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். நரைத்த தலை, பருத்திப் புடவை, கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. யுவஸ்ரீயைப் பார்த்ததும் நின்று, அவளுடைய வலது மணிக்கட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"கை எப்படி இருக்கு யுவா? ராத்திரியில மரத்துப்போறது நின்னுதா?"

"இப்ப பரவால்ல மேடம். சீட்டு மாத்தி விட்டதுலேருந்து முழிப்பு கொறைஞ்சிருக்குது."

"மணிக்கட்டுல பேண்ட் போட்டுண்டு தூங்கு, விட்டுடாதே." அப்புறம் அவர் குமரேசனை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் குமரேசனா?"

அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியில் அவன் கூசிப்போனான். இந்த அம்மாவுக்குத் தன்னைப் பற்றி என்னவெல்லாம் தெரியும்? தலையை மட்டும் ஆட்டினான். அவர் குழந்தையின் காலைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

"கைல இன்னா?" என்று கேட்டான்.

"கிளிப் அழுத்தி அழுத்தி நரம்பு அழுந்திப் போச்சாம். மேடம்தான் டாக்டராண்ட அனுப்பி, கம்பெனில பேசி வேற சீட்டு வாங்கிக் குடுத்தாங்க."

"என்னாண்ட சொல்லவே இல்ல."

"தீபாவளி சமயத்துல சொன்னேன் பாவா."

சொல்லியிருந்தாள். அவனுக்கு நினைவு வந்தது. கை இழுக்குது பாவா என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். இழுக்குதா, மரத்துப்போவுதா, ரெண்டும் வேற வேற என்று அவன் சொன்னான். அவள் ஒண்ணும் இல்ல என்றாள். அவனும் அதோடு விட்டுவிட்டான். அந்த அம்மாவிடம் போய் அவள் அதையே சொல்லியிருப்பாள், இழுக்குது என்றே சொல்லியிருப்பாள். அந்த அம்மா வார்த்தையை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

சன்னதியில் கற்பூரத் தட்டு வந்தபோதுகூட அவன் மனசு படியிலேயே நின்றது. தப்பு தன்னுடையது என்று ஒரு நிமிஷம் தெரிந்தது. தெரிந்ததும் அந்த அம்மாவின் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. அவனுடைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, அவனுடைய பெண்டாட்டியின் கையைப் பிடித்து, அவனிடமே நீங்கதான் குமரேசனா என்று கேட்கிறார்.

மறுநாள் ஆபீசில் அவன் பதினேழாம் கேள்விக்குப் போனான். ஆலோசகரைப் பார்த்தவர்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. நூற்றுப் பதினெட்டுப் பேர் சொல்லியிருந்தார்கள். பாதிக்கு மேல் ஐந்து, மீதி நாலு, அங்கங்கே ஒரு மூன்று. சராசரி நாலரை. கண் முகாமுக்குக்கூட மூன்றரைதான் வந்திருந்தது. அந்த நாலரையைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆறவில்லை.

முதல் ஃபாரத்தில் ஐந்தை ஒன்றாக்கியபோது தவறிப் பட்டது போலத்தான் தட்டினான். ஒன்றால் ஒன்றும் ஆகாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், சராசரி எப்படி நகரும் என்று அவனைவிடத் தெரிந்தவர் அந்த ஆபீசில் இல்லை. இரண்டு நாளில் ஐம்பத்திரண்டு ஐந்துகளை ஒன்றாக்கினான். சராசரி இரண்டே முக்காலுக்கு இறங்கிவிட்டது. மூன்றுக்குக் கீழே வந்தால் பயனில்லாத திட்டம் என்று அறிக்கையில் விழும், அந்த வரம்பும் அவனுக்குத் தெரியும்.

நூற்று முப்பத்தேழாம் எண்ணை மட்டும் அவன் தொடவில்லை. அதில் ஐந்து ஐந்தாகவே இருந்தது. பெண்டாட்டி சொன்னதை மாற்றவில்லை என்று தனக்குள்ளேயே பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டான்.

தீனதயாளன் வழக்கம்போல ஒத்துப் பார்க்காமல் அனுப்பி வைத்தார். ஃபாரங்கள் சாக்குப் பையில் கட்டப்பட்டுப் பரண்மேல் ஏறின. ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் யுவஸ்ரீ சோர்ந்து வந்தாள். அன்று புதன்கிழமை.

"மேடம் இனிமே வர மாட்டாங்களாம்" என்றாள். "மார்க் கம்மியா வந்துடுச்சாம். அதுக்குப் பதிலா ஒரு போன் நம்பர் குடுத்துருக்காங்க. நம்பர்ல கூப்ட்டா ஒண்ணு அழுத்து, ரெண்டு அழுத்துனு வருது."

குமரேசன் தண்ணீர் குடித்தான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குதித்தது, அது சந்தோஷம்தான். இனிமேல் இவள் என்னிடம்தான் வர வேண்டும் என்று நினைத்தான். அவன் மாறிவிடவும் தயாராக இருந்தான். குறுக்கே பேசக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு சாயந்திரங்களில் வீட்டிலேயே காத்திருந்தான்.

அவள் அவனிடம் பேச வரவில்லை. வேலை விட்டு வந்தாள், சமைத்தாள், குழந்தைக்குச் சோறு ஊட்டினாள், ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் என்று சொன்னாள். மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை. முன்னே அவனிடம் சொல்லாததை அந்த அம்மாவிடம் சொன்னாள். இப்போது யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமைப் பாட்டும் நின்றுபோயிற்று. பாயில் அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் எத்தனையாவது தடவை என்று அவன் எண்ண ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரை ஆய்ந்துகொண்டே அவள் தானாகப் பேசினாள்.

"எங்க லைன்ல எல்லாரும் அஞ்சுதான் போட்டோம் பாவா. நாங்க பேசி வெச்சிகினே போட்டோம். அப்புறம் எப்டி கம்மியாச்சு? யாரோ ஒண்ணு சொல்லி, இன்னொண்ணு போட்டுருக்காங்க."

குமரேசன் இன்னொரு கீரைக் கட்டைப் பிரித்து அவள் பக்கம் வைத்தான்.

"கல்பனாதான்னு சொல்றாங்க. அவ ஒருவாட்டி மேடம் ரொம்ப அட்வைஸ் பண்றாங்கனு சொன்னா. இப்ப கேன்டீன்ல அவகூட யாரும் உக்கார்றது இல்ல. பஸ்ல அவ பக்கத்து சீட்டு காலியா வருது. நேத்து அழுதுகினே சத்தியம் பண்ணா. நான் அப்டி போடலனு."

"நீ இன்னா பண்ண?"

அவள் கீரைத்தண்டை ஒடித்தாள். "நானும்தான் பக்கத்துல உக்காரல."

கல்பனாவை அவனுக்குத் தெரியும். டீக்கடை ஸ்டாப்பிலேயே ஏறுகிற பெண், புருஷன் இல்லை, மாமியாரோடு இருக்கிறாள். அவள் ஃபாரம் எதுவென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டு முழுவதிலும் பதினேழாம் கேள்விக்குப் பேனாவால் ஒன்று என்று போட்டது ஒரு ஃபாரத்தில்கூட இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அங்கே இருந்த ஒன்றுகள் அத்தனையும் அவன் விரலில் பிறந்தவை.

அதற்கு மேலும் எட்டு நாள் சும்மாதான் இருந்தான். தினமும் காலையில் கம்பெனி பஸ் புறப்படுவதைப் பார்த்தான். பெண்கள் கும்பலாக நின்றார்கள், கல்பனா தனியாக மின்கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஒன்பதாம் நாள் அரக்கோணத்தில் ரயில் இறங்கி நேராகத் தீனதயாளன் மேஜை முன்னால் போய் நின்றான்.

"சார், மாசில வந்த ஒயர் கம்பெனி கட்டு. அதுல நான் மாத்திட்டேன்."

"எங்கனா தப்பா ஏறிடுச்சா?"

"தப்பா ஏறல சார். வேணும்னே மாத்தினேன். பதினேழாம் கேள்வில அம்பத்திரெண்டு."

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காரணம் கேட்டார். குமரேசன் மனைவியின் ஃபாரத்தைப் படித்ததிலிருந்து சொன்னான். சுப்ரஜா தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னுத மட்டும் நான் பாக்க மாட்டேன்" என்றார் தீனதயாளன். குரல் உயரவே இல்லை. "ஒம்போது வருஷமா. அத வெச்சித்தான நீ பண்ண."

அவர் பரணிலிருந்து சாக்குப் பையை இறக்கச் சொன்னார். அந்தக் கட்டு முழுவதையும் சுப்ரஜா திரும்ப ஏற்ற ஆரம்பித்தாள். சென்னைக்கு அவரே போன் செய்து நடந்ததைச் சொன்னார், எழுத்திலும் கொடுத்தார். குமரேசனை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். மத்தியான ரயிலில் வந்து இறங்கியவன், அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று திருத்தணி ஸ்டேஷன் பெஞ்சில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தான். தன் நாற்காலியில் சுப்ரஜா உட்கார்ந்திருப்பாள், இனி அவள் கட்டை யாரும் ஒத்துப் பார்க்க மாட்டார்கள் என்ற நினைப்பு வந்தது. அந்த நிலைமையிலும் அவனுக்கு அது எரிந்தது.

யுவஸ்ரீ வந்ததும் சொன்னான். வேலை போனதிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிச் சொன்னான். அவள் நின்றபடியே கேட்டாள். அவன் எதிர்பார்த்த இடத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை.

"என் பேப்பர நீ படிச்சியா?"

"வேலயே அதான..."

"கையெழுத்து தெரிஞ்சதுக்கு அப்புறமும் படிச்சியா?"

"ஆங்."

"பேர் இல்லனு சொன்னாங்கனுதான் எழுதுனேன். ஒரே ஒரு எடத்துல எழுதுனேன். அதும் உன் கைக்கே வந்துச்சு."

"உன்னுத மாத்தல யுவா. அஞ்சு அஞ்சாவேதான் போட்டேன்."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

அவள் கொஞ்ச நேரம் குழந்தையின் பாவாடை நாடாவை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கே என்று கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை. டீக்கடைத் தெருவில் கல்பனா வீட்டு வாசலில் நின்று, என் வீட்டுக்காரர்தான் மாத்துனாரு, உன்மேல தப்பு இல்ல என்று அவள் சொன்னதை அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டான். மறுநாள் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் மறுபடி ஒருமுறை சொன்னாளாம்.

அந்த வார முடிவில் குழந்தைக்கு லீவு என்று சொல்லி மணவூருக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அரக்கோணம் ரயில் பிடித்து, ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குப் போய் வந்தாள். குமரேசன் இரண்டு முறை மணவூர் போனான். முதல் முறை மாமன் பச்சையப்பன் வாசலிலேயே உட்கார வைத்து மோர் கொடுத்தார், உள்ளே கூப்பிடவில்லை. "எந்நாளும் நீ கணக்கா பேசறவன்னு உங்கம்மா சொல்லும் நைனா" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் முறை யுவஸ்ரீ வெளியே வந்து குழந்தையை அவன் மடியில் விட்டுவிட்டு உள்ளே போனாள். குழந்தை அவனிடம் ஆட்டுக்குட்டி கதை ஒன்று சொன்னது, அதில் ஆட்டுக்குட்டி ரெண்டு தடவை செத்துப்போனது. அவன் திருத்தவில்லை.

கம்பெனிக்குப் புது அறிக்கை போயிற்று. நாலரை என்று போயிற்று. மேலாளர்கள் கூடிப் பேச ஒரு மாசம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் அபிராமசுந்தரி வேறொரு கம்பெனிக்குப் புதன்கிழமையைக் கொடுத்துவிட்டார். ஒயர் கம்பெனிக்கு இப்போது மாசத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை வருகிறார். முன்னே கிடைத்த அரைமணி இல்லை, ஆளுக்கு இருபது நிமிஷம். வெளியே பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஸ்கூல் திறந்தபோது யுவஸ்ரீ திரும்பி வந்தாள். "பாப்பா ஸ்கூலுக்காக வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். குமரேசன் சரி என்றான். ஊர் முனையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சர்ட்டிபிகேட்டுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. ஜனங்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். அங்கே திருத்தினால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்பதால் கொஞ்சம் பழகிவிட்டான். வீட்டில் இன்னும் முழுசாகப் பழகவில்லை. நாளுக்கு ஒரு தரமாவது கிழமையோ கிலோவோ வாயில் வந்துவிடுகிறது. யுவஸ்ரீ இப்போது எழுந்து போவதில்லை. "நான் முடிக்கல" என்று சொல்லிவிட்டு அதே இடத்திலிருந்து தொடர்கிறாள். ஆடி மாசத்தில் ஒரு நாள் கை மறுபடி மரத்தது என்று அவனிடம் முதலில் சொன்னாள். அவன் எழுந்து போய் பேண்டை எடுத்து வந்து கட்டிவிட்டான். அதைத் தவிர அவளாகச் சொன்னது அதிகம் இல்லை.

அவளுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் கல்பனாவும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார்கள். அதற்கு மேல் சாயந்திரத்திலும் போன். யுவஸ்ரீ குடத்தை நிரம்ப விட்டுவிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, பைப்படியில் நின்று அரைமணி நேரம் பேசுகிறாள். அவள் சிரிப்பது உள்ளே வரை கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்று குமரேசனுக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு இரண்டு முறை வாசற்படி வரை போயிருக்கிறான். இரண்டு முறையும் திரும்பி வந்து குழந்தையின் பென்சிலைச் சீவிக் கொடுத்திருக்கிறான். குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் மட்டும் வெளியே போய், ஒன்றும் சொல்லாமல் பைப்பை மூடிவிட்டு வருகிறான்.